வியாழக்கிழமை இரண்டு இருபதுக்கு ஒரு சந்திப்பு

அந்த ஐந்து பேரும் லின்டெ தெரு முனைக்குத் திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை, அந்தப் பக்கத்தில் சாம்பல் நிறக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற நாள், அதனால் காலை ஏழு மணிக்குத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்த அத்தனை பேரும் அவர்களைக் கண்டார்கள். கண்டு, இந்த நாட்டு வழக்கப்படி காலை வணக்கம் சொன்னார்கள். பதில் வராததால் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். பிறகு தொட்டியின் கைபிடி தெருப் பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த முனையில் ஒரு பழைய செங்கல் சுவர் இருக்கிறது. சுவருக்குக் கீழே நடைபாதையில் ஒரு கருங்கல்லைப் பதித்து, அதில் ஐந்து பெயரையும் 1945 மார்ச் மாதத்துத் தேதி ஒன்றையும் வெட்டியிருக்கிறார்கள். ஜெர்மன்காரர் ஹாலந்தைப் பிடித்து வைத்திருந்த கடைசி வசந்தம் அது. யாரோ ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள் என்பதற்குப் பழியாக, எதிர்ப்பு இயக்கத்து ஆட்கள் ஐந்து பேரைச் சிறையிலிருந்து லொறியில் கொண்டுவந்து, போகிற வருகிற சனத்தை மறித்து நிறுத்திப் பார்க்கவைத்து, அந்தச் சுவரோடு வைத்துச் சுட்டார்கள். அவர்கள்தான் இப்போது வந்து நின்றார்கள். பொத்தான் இல்லாத மேலங்கி, மரக்கட்டை அடி வைத்த சப்பாத்து, குளித்துப் பல நாளான தலை. காயம் ஒன்றும் தெரியவில்லை. வெயில் இருக்கும்வரை நிற்பார்கள், வெயில் போனதும் இருக்கமாட்டார்கள், அடுத்த நாள் குருவி கத்தும்போது மறுபடி அதே இடத்தில் நிற்பார்கள்.

நான் அந்தத் தெருவில் குடியிருப்பவள் அல்ல. உடுவிலில் பிறந்து, சண்டைக்குள் ஓடி, இருபத்திரண்டு வருஷமாக இந்த நாட்டில் வயது போனவர்களின் வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிறவள். பரிமளகாந்தி என்ற என் பெயரை இவர்கள் வாயில் போட்டு மென்று பார்த்து, முடியாமல் போய், பாரி ஆக்கிவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். அதற்குள் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, கால் வீங்காமலிருக்கப் போடுகிற அந்த இறுக்கமான காலுறையை இழுத்து மாட்டி, தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சைக்கிளில் ஓடவேண்டும். இவர்கள் டச்சில் சொல்வதை என் காது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வாங்கிக்கொள்ளும், அப்படியே எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாளும் பிரச்சினை சைக்கிள்தான். ஐந்து பேரில் இருவர் நின்றது சைக்கிள் போகிற சிவப்புப் பாதையில். இந்த நாட்டில் நீங்கள் தேவாலயத்துக்குள் தொப்பியோடு போகலாம், மந்திரியை முகத்துக்கு நேரே ஏசலாம், ஆனால் சைக்கிள் பாதையில் நிற்க முடியாது, செத்தவராயிருந்தாலும் முடியாது. மணி அடித்தார்கள், கத்தினார்கள், ஒரு பெண் அவர்களைச் சுற்றிப் போய்விட்டுத் திரும்பிவந்து பாதை எதற்கென்று விளக்கம் சொன்னாள். புதன்கிழமை நகரசபையிலிருந்து ஆள் வந்து, ஐந்து பேரையும் அளந்து பார்த்து, செம்மஞ்சள் கூம்புகளை வைத்து, தற்காலிக மாற்றுப்பாதை என்று ஒரு மஞ்சள் பலகையும் நட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது கோப்பி. தெருச் சங்கத்தின் தலைவர் மெனீர் போன்ஸ் என்பவர், மெனீர் என்றால் இங்கே ஐயா, ஓய்வுபெற்ற நில அளவையாளர், நல்ல மனுஷன், நேராக வகிடு எடுத்த தலை. அவர் ஐந்து கோப்பை கோப்பியும் ஒரு தகரப்பெட்டியில் பிஸ்கட்டும் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு, டப்பென்று பெட்டியை மூடினார். இந்த நாட்டில் அதுதான் முறை, விருந்தாளிக்கு ஒரு பிஸ்கட். பட்டினிக் குளிர்காலத்தில், துலிப் பூக்கிழங்கை அவித்துத் தின்று சனம் செத்த காலத்தில் செத்துப்போனவர்களுக்கு ஒரு பிஸ்கட்டா என்று வாய்விட்டே கேட்டேன். போன்ஸ் யோசித்தார், சங்கத்தைக் கூட்டினார், சிறப்புச் சூழ்நிலை கருதி இரண்டு கொடுக்கலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். ஐந்து பேரும் பிஸ்கட்டைக் கையில் வைத்திருந்தார்களே தவிர வாயில் வைக்கவில்லை.

அவர்கள் பேசவில்லை, சாப்பிடவில்லை, ஆனால் கேட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது தபால்காரர். யாருமில்லாத நேரத்தில் அவர் அவர்களிடம், தன் அண்ணனோடு ஒன்பது வருஷமாகக் கதைக்காமல் இருந்ததையும், போன மாதம் அண்ணன் செத்துப்போனதையும் சும்மா சொல்லிக்கொண்டு நின்றாராம். ஐந்து பேரும் முகத்தைத் திருப்பி, இமைகூடத் தட்டாமல், கடைசிச் சொல்வரை கேட்டு, முடிந்ததும் ஒரே ஒரு தரம் தலையசைத்தார்களாம். அன்றைக்குத்தான் நித்திரை வந்தது என்று தபால்காரர் வாசலுக்கு வாசல் சொன்னார், தபால்காரர் வாயில் விழுந்த செய்தி நிற்குமா, சனிக்கிழமை காலை முனையிலிருந்து பேக்கரிவரைக்கும் சனம். விவாகரத்தானவர்கள், பிள்ளையோடு கோபித்தவர்கள், கனடாவிலிருந்து விமானம் பிடித்துவந்த ஒரு மருமகன், அந்தக் கல்லைத் தத்தெடுத்து வருஷாவருஷம் தேய்த்துக் கழுவுகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லோரும் வந்தார்கள். வரிசையில் தள்ளுமுள்ளு வந்தது.

தள்ளுமுள்ளு என்றால் இவர்களுக்கு ஒரு மருந்துதான் தெரியும். போன்ஸ் ஒரு பட்டியல் போட்டார். திங்கள் முதல் சனிவரை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, ஒன்றிலிருந்து ஐந்து, ஆளுக்குப் பத்து நிமிடம், முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும், வரமுடியாவிட்டால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை செத்தவர்களுக்கும் மத்தியான இடைவேளை. அந்த ஒரு மணி நேரமும் ஐந்து பேரும் ஆளில்லாத நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் சைக்கிளில் போகும்போது எல்லாத் தலையும் ஒன்றாய் என் பக்கம் திரும்பும். எனக்கு நேரமில்லை என்று கையைக் காட்டிவிட்டுப் போவேன்.

அந்த முனையிலிருந்து நாற்பது அடி தூரத்தில், பதினேழாம் இலக்க வீட்டில், மெவ்ரௌ ஆலிடா ரைட்ஸ்மா இருந்தார். மெவ்ரௌ என்பது இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது. எண்பத்தாறு வயது, கலியாணம் செய்யாதவர், பிறந்த வீட்டிலேயே இருப்பவர், நடை விழுந்து சில்லுக்கதிரைக்கு வந்து நாலு வருஷம். காலையில் முதல் வீடு எனக்கு அவருடையதுதான். ஐந்து பேர் வந்த நாளிலிருந்து அவர் யன்னலை விட்டு அசையவில்லை, வாயும் திறக்கவில்லை, தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்து கிடக்கும். பட்டியல் போட்ட அன்று காலுறையை இழுத்துக்கொண்டு நான் அவர் காலடியில் குந்தியிருந்தபோது, யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"இடப்பக்கத்திலிருந்து ரெண்டாவது ஆள் லியூவே. லியூவே போஸ்ட்."

"உங்களுக்கு அவரைத் தெரியுமோ?"

"தெரியும். இந்த வாசலிலை நிண்டவன்."

பிறகு சொன்னார். ஒரே மூச்சில் அல்ல. மூன்று காலை எடுத்தது, ஒவ்வொரு காலையும் என் இருபத்தைந்து நிமிடத்துக்குள். அவருக்கு அப்போது பதினாறு வயது. லியூவேக்கு இருபது, தலைமறைவுப் பத்திரிகையை அங்கிக்குள் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வீட்டில் படுக்கிறவன். மார்ச் மாதத்து ஒரு மாலை, ஆறு மணிக்கு, எல்லா வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் இருக்கிற நேரம், வந்து கதவைத் தட்டினான். மேசையில் நாலு கிண்ணத்தில் சீனிக்கிழங்குக் கஞ்சி, வீட்டில் நாலு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் ஆலிடாவின் கிண்ணத்திலிருந்துதான் போகும், ஏனென்றால் அவர்தான் மூத்த பிள்ளை. அவர் கதவை ஒரு சாண் திறந்து, "நாங்கள் சாப்பிடுறம், நாளைக்கு வா" என்று சொன்னார். லியூவே சிரித்து, "சரி, நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். பாலத்தடியில் பிடித்தார்கள். எட்டாம் நாள் அந்தச் சுவர்.

"அப்பா மேலை காய்ச்சலிலை படுத்திருந்தவர்," என்றார். "ஆர், பிள்ளை, எண்டு கேட்டவர். ஆராயிருந்தாலும் உள்ளை விடு எண்டும் சொன்னவர். நான் ஒருத்தருமில்லை எண்டு சொன்னன்."

அதோடு முடிந்திருந்தால் ஒரு பசித்த பிள்ளையின் பிழை, யாரும் மன்னித்துவிடலாம். முன்வீட்டுக்காரி லியூவே அந்த வாசலிலிருந்து திரும்பிப் போனதைக் கண்டிருந்தாள். சுட்ட அடுத்த நாள் தெருவே வந்து வாசலில் நின்று, ஏன் விடவில்லை என்று கேட்டது. ஆலிடா, "அப்பா திறக்கவேண்டாமெண்டவர்" என்று சொல்லிவிட்டார். அப்பா படியில் நின்றார், கேட்டார், மகளை ஒருதரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாகும்வரை, பதினாறு வருஷம், லின்டெ தெருவில் ஒருவரும் அந்த மனுஷனுக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. அவர் தொப்பியைத் தூக்குவாராம். எதிரே வருபவர்கள் வானத்தைப் பார்ப்பார்களாம். வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, மகளிடம், சாப்பாடு ஆயத்தமோ என்று கேட்பாராம்.

"நாளைக்கு வா எண்டு சொன்னது ஆரெண்டு லியூவேக்கு மட்டும்தான் தெரியும்," என்றார் ஆலிடா. "அவனுக்கு முன்னாலை நான் சொல்லவேணும், பாரி. அப்பா இல்லை, நான் எண்டு. வேறை ஆருக்குச் சொன்னாலும் அது வெறும் கதை."

நாற்பது அடி. சில்லுக்கதிரையைத் தள்ளினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. உடுவிலில் என்றால் அந்தக் கணமே தள்ளிக்கொண்டு போயிருப்பேன், எங்களுக்கு ஒரு வீட்டுக்குப் போக யாரிடமும் கேட்கிற வழக்கமில்லை, படலையைத் திறந்து, என்ன செய்யிறியள் என்று கேட்டுக்கொண்டே அடுப்படிவரை போகிற சனம். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு அடுத்த வீட்டுக்கு நாலு நிமிடம் பிந்திவிட்டது. "இண்டைக்கே உங்களுக்கு நேரம் பதிஞ்சு தாறன்" என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு ஓடினேன்.

போன்ஸின் பட்டியல் நிரம்பியிருந்தது. உள்ளூர்க்காரர்கள் எல்லாருக்கும் முந்திப் பதிந்த வெளியூர்க்காரர்கள், தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்தவர்கள், வளர்ப்புப் பூனையைப் பற்றிப் பேச ஒரு கிழவர், வெற்று இடம் இல்லை.

"மே மாசம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, ரெண்டு இருபதுக்கு ஒண்டு இருக்கு," என்றார் போன்ஸ்.

"மெனீர், அவ இந்தத் தெருவிலேயே பிறந்தவ. எண்பத்தாறு வயசு. கொஞ்சம் முன்னுக்குப் போடேலாதோ?"

"மேயரே பதினொரு நாள் பொறுக்கவேண்டியிருக்கு. அவசரமெண்டால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கோ, சங்கம் பாக்கும்."

காரணத்தை எழுதிக் கொடுப்பதைவிட ஆலிடா செத்தே போவார். வந்து சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அவரும் இந்த ஊர்ப் பிள்ளைதானே, குறிப்பேட்டை எடுத்து, நீலப் பேனாவால், வியாழன் 14.20, லியூவே என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். பல் வைத்தியரின் நேரத்துக்கும் நகம் வெட்டுகிறவளின் நேரத்துக்கும் நடுவில் அது இருந்தது. எழுபது வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் பத்து நாள் என்ன என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது என் பல்லைக் கழற்றி எறிய வேண்டும்போல இருக்கிறது.

அந்த வாரம் உடுவிலிலிருக்கிற அக்காவுக்குப் போன் எடுத்தேன். எங்கள் தம்பியை ஆமிக்காரர் மருதனார்மடச் சந்தியில் வைத்து ஏற்றிக்கொண்டு போனது தொண்ணூற்றாறில், போனவன் போனவன்தான்.

"அக்கா, சந்தியிலை ஆரும் வந்து நிக்கினமோ?"

"ஆர் நிக்கிறது? பஸ்ஸுக்கு நிக்கிற சனம்தான்."

"இல்லை, பழைய ஆக்கள். இஞ்சை வந்து நிக்கினம். கல்லு வைச்ச இடத்திலை."

 அங்கே கோழி கத்துவது கேட்டது.

"இஞ்சை கல்லு வைச்சால்தானே, பிள்ளை, வந்து நிக்க இடம் தெரியும்," என்றாள். "நீ மத்தியானம் சாப்பிட்டியே?"

மே நாலாம் தேதி வந்தது. போரில் இறந்தவர்களுக்காக அன்று மாலை எட்டு மணிக்கு இந்த நாடு முழுக்க இரண்டு நிமிடம் பேச்சை நிறுத்தும். பஸ் நிற்கும், ரயில் நிற்கும், கடையில் மீதி எண்ணுகிற கை நிற்கும். வெயில் ஒன்பது மணிவரை இருக்கிற மாதம், ஆகையால் ஐந்து பேரும் சுவரோடு நின்றார்கள். வருஷாவருஷம் முப்பது பேர் வருகிற முனைக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள், கறுப்பு உடுப்பு, அரைக் கம்பத்தில் கொடி, மலர்வளையம். அன்று பட்டியல் இல்லை, எல்லோருக்கும் இடம். நான் வேலை முடிந்து என் சொந்த நேரத்தில் வந்து, ஆலிடாவுக்கு நீல மேலங்கியைப் போட்டு, கூட்டத்தை விலக்கி விலக்கி, முதல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவருக்கும் லியூவேக்கும் நடுவில் ஆறு அடி.

ஊதுகுழல் ஊதி முடிந்தது. எட்டு அடித்தது. மூவாயிரம் பேரும் மௌனமானார்கள்.

மூன்று வாரமாகக் காலையிலிருந்து மாலைவரை யாராவது எதையாவது சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் அந்த ஐந்து பேரும். இப்போது ஊரே திரண்டு எதிரே நிற்கிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காது சரியாகக் கேட்காதவர்கள் செய்வதுபோலக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார்கள். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், யார் தொடங்கப்போகிறார்கள் என்று தேடினார்கள். லியூவேயின் கண் வரிசை வரிசையாக வந்து ஆலிடாவின் முகத்தில் நின்றது. அடையாளம் கண்டானோ, நான் அறியேன். ஆனால் அங்கேயே நின்றது.

ஆலிடாவின் தோள் மேலே ஏறியது. மூச்சை உள்ளே இழுத்தார். வாயைத் திறந்தார். "லியூ" என்று பாதிப் பெயர் வெளியே வந்தது.

அக்கம்பக்கத்தில் இருபது தலை திரும்பியது. யாரும் ஏசவில்லை, சும்மா பார்த்தார்கள், அந்தப் பார்வையை நான் இருபத்திரண்டு வருஷமாக அறிவேன், ரயிலில் போனில் உரக்கக் கதைத்தபோது பார்த்த பார்வை, தவறான நாளில் தவறான தொட்டியை வெளியே வைத்தபோது பார்த்த பார்வை. என் கை எனக்கு முந்திப் போய் ஆலிடாவின் தோளில் இருந்தது. மெதுவாக ஒருதரம் அமத்தினேன். அவர் வாயை மூடினார்.

ஒரு நிமிடம் போயிருக்கும். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள், இனி ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்திருக்க வேண்டும், வேறு எப்படி நினைப்பார்கள். கையிலிருந்த பிஸ்கட்டுகளைக் கல்லின் மேல் ஒழுங்காக அடுக்கி வைத்தார்கள். லியூவே அங்கியின் கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டான். பிறகு ஒருவர்பின் ஒருவராகச் சுவரோரமாய் நடந்து, முனை திரும்பி, போய்விட்டார்கள். அவர்கள் போவதை மூவாயிரம் பேர் கண்ணால் கண்டோம். மௌனம் முடிய இன்னும் அரை நிமிடம் இருந்ததால் ஒருவரும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் விடுதலை நாள், ஊரெல்லாம் கொடியும் பாட்டும். சுவரோடு ஒருவரும் இல்லை. புதன்கிழமை நகரசபை ஆள் வந்து கூம்புகளை எடுத்துப் போனார். ஆனால் பட்டியல் நின்றது. இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு முன் ஒருவரும் ரத்துச் செய்யவில்லையே, செய்யவேண்டியவர்கள் முனை திரும்பிப் போய்விட்டார்களே. ஆகையால் போன்ஸ் பட்டியலைக் கழற்றவில்லை, நேரம் பதிந்தவர்கள் பதிந்தபடி வந்தார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் வெறும் சுவரின் முன் நின்றுவிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டுப் போனார்கள். அழுதுகொண்டு போனவர்களும் உண்டு.

வியாழக்கிழமை ஆலிடா என்னை மத்தியானமும் வரச்சொன்னார். அதே நீல அங்கி. இரண்டு பதினைந்துக்கே முனைக்குப் போய்விட்டோம், முன் ஆள் முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளி நின்றோம். இரண்டு இருபதுக்கு அவரைச் சுவரின் முன் கொண்டுபோய், சில்லைப் பூட்டினேன். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது இடத்தில் செங்கல் மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது.

"சொல்லுங்கோ மெவ்ரௌ," என்றேன். "எங்கையாவது நிண்டு கேப்பார்."

"அங்கை ஒருத்தருமில்லை, பாரி. எனக்குக் கண் நல்லாத் தெரியும்."

அப்போது நான் உடைந்துவிட்டேன். நடுத்தெருவில், இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் ஒருநாளும் அழாத அழுகை. "அண்டைக்கு நீங்கள் வாய் திறந்தனீங்கள். நான்தான் அமத்தினனான். அவர் பாத்துக்கொண்டு நிண்டவர். என்ர கைதான், மெவ்ரௌ, நான்தான் கெடுத்தனான்."

அவர் மடியில் கிடந்த கைப்பையின் கொளுக்கியைத் திறந்தார், மூடினார்.

"உம்மட கையிலை பாரமே இருக்கேல்லை," என்றார். "நான் கதைச்சிருக்கலாம். ஆரோ ஒருத்தர் என்னை மறிச்சது எனக்கு வசதியாயிருந்தது. வீட்டை போயும் அதைத்தான் நினைச்சன். பாரிதான் விடேல்லை, பாரிதான் விடேல்லையெண்டு. மூண்டு நாளா உம்மிலை எனக்கு நல்ல கோபம்." சுவரைப் பார்த்தார். "முந்தி அப்பா. இப்ப நீர்."



இரண்டு முப்பதாகிவிட்டது. அடுத்த ஆள், முப்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் மஞ்சள் பூவோடு, மரியாதையான தூரத்தில் வந்து நின்றாள். நான் குனிந்து சில்லின் பூட்டை விடுவித்தேன். ஆலிடா கையைத் தூக்கி, என்னைத் திருப்பச் சொன்னார், வீட்டுப் பக்கம் அல்ல, அந்தப் பெண்ணின் பக்கம்.

"லியூவே போஸ்டை உள்ளை விடாதது என்ர அப்பா இல்லை," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். குரல் தெருவுக்கே கேட்டது. "நான். நாளைக்கு வா எண்டு சொன்னது நான். அப்பாவிலை பழியைப் போட்டதும் நான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நல்ல வளர்ப்புப் பிள்ளை. ஆனால் அவளுக்கு எங்கே தெரியும்? லின்டெ தெருவில் அந்த மனுஷனுக்கு வணக்கம் சொல்லாமல் வானத்தைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. பழி போட்டவர்களும் போய்விட்டார்கள், பழி சுமந்தவரும் போய்விட்டார், அதை எடுத்துவிட வந்தவர் மட்டும் கைப்பையோடு இருந்தார்.

"மன்னிக்கவேணும், மெவ்ரௌ," என்றாள் அந்தப் பெண். "உங்கட அப்பா ஆர்?"

ஆலிடாவுக்குச் சுவருக்கு முன்னால் வராத கண்ணீர் அந்தக் கேள்விக்கு வந்தது.

"கெர்பன் ரைட்ஸ்மா," என்றார். "பதினேழாம் நம்பர். வாய்க்கால் மதகு திறக்கிற வேலை. ஆரைக் கண்டாலும் தொப்பியைத் தூக்குவார்."

சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. மதகைப் பற்றிச் சொன்னார், தொப்பியைப் பற்றிச் சொன்னார், நாலு கிண்ணத்தைப் பற்றிச் சொன்னார், படியில் நின்று அப்பா பார்த்த பார்வையைச் சொன்னார். அந்தப் பெண்ணின் பத்து நிமிடம் போனது. இரண்டு நாற்பதுக்குப் பதிந்தவர் வந்து பின்னால் நின்றார், இரண்டு ஐம்பதுக்குப் பதிந்தவரும் வந்து நின்றார், எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள், அது அவர்களுக்குக் கைவந்த பழக்கம், தடுக்க முடியாது. என் அடுத்த வீட்டுக்காரர் காலுறைக்குக் காத்திருந்திருப்பார். நான் ஆலிடாவின் பின்னால் நின்று, இரண்டு கையையும் கதிரையின் பிடியிலேயே வைத்திருந்தேன்.